வராக்கடன் கணக்கில் எழுதப்பட்ட லெக் ஸ்பின்னர்

லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். வடமதுரை டீக்கடைகளில் ஐம்பதைத் தாண்டிய கிரிக்கெட் பைத்தியங்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "என்னா திறமை... வீணாக்கிட்டான்ய்யா!" சொல்லிவிட்டு ஒரு உச்சுக் கொட்டல். அதோடு கேஸ் முடிந்தது. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, அப்பீலுக்கு வழியில்லை.

இளைய தலைமுறைக்கு அவர் கமெண்ட்ரி குரலாகத்தான் தெரியும். 2000ல் இருந்து மைக் பிடித்தவர். அவர் பந்து போட்டதைப் பார்க்காதவர்கள் கூட இந்த "வீணாக்கிட்டான்" வசனத்தை மட்டும் அப்படியே வாங்கி வைத்திருக்கிறார்கள். பாட்டன் சொத்து மாதிரி.

அந்த வார்த்தையை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். வீணாக்கிட்டான். செய்தவன் ஒருத்தன், அதுவும் அந்தப் பையன் மட்டும்தான். "வீணாக்கிட்டாங்க" என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு விகுதியில் இந்திய கிரிக்கெட் போர்டு, செலக்டர்கள், கேப்டன்கள், பத்திரிகைகள், கேலரியில் உட்கார்ந்து கத்தியவர்கள் என்று எல்லாருமே தப்பித்துவிட்டார்கள். என்ன வசதியான இலக்கணம்!

சரி, கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம்.

சிவா பிறந்தது 1965 டிசம்பர் 31, மெட்ராஸில். 12 வயதில் ஒரு பள்ளிக்கூட மேட்சில் 2 ரன் கொடுத்து 7 விக்கெட். 16 வயதில் ரஞ்சி டிராபி. அதுவும் சாதாரண லீக் மேட்ச் இல்லை, டெல்லிக்கு எதிரான காலிறுதி. இரண்டாவது இன்னிங்ஸில் 28 ரன்னுக்கு 7 விக்கெட். இதெல்லாம் பார்த்ததும் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. 1983 ஏப்ரலில் வெஸ்ட் இண்டீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆண்டிகுவாவில் டெஸ்ட் ஆட வைத்தார்கள். வயது 17 வருஷம் 118 நாள். அதுவரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்களிலேயே அவர்தான் இளையவர். 1989ல் டெண்டுல்கர் வந்துதான் அந்தச் சாதனை போனது.

யாருக்கு எதிராக இறக்கினார்கள் என்று பாருங்கள். கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், லாயிட், துஜான், நாலு பேரும் அந்த ஒரே இன்னிங்ஸில் செஞ்சுரி. வெஸ்ட் இண்டீஸ் மொத்தம் 550. பையன் 95 ரன் கொடுத்தான், விக்கெட் இல்லை. நம்ம ஊரில் பிளஸ் டூ படிக்கிற வயது. டூவீலர் லைசென்ஸ் கூட கொடுக்க மாட்டார்கள் சார்!

அதற்கப்புறம் 1984 நவம்பர், பம்பாய். நாடே கொதித்துக் கிடந்த நேரம். இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு மாதம் கூட ஆகவில்லை. டெஸ்ட் தொடங்குவதற்கு முந்தின நாள் பம்பாயிலேயே பிரிட்டிஷ் துணை ஹைகமிஷனரை சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சூழ்நிலையில் வான்கடேயில் 18 வயதுப் பையன் ஒருத்தன் முதல் இன்னிங்ஸில் 64க்கு 6, இரண்டாவதில் 117க்கு 6 எடுத்தான். மேட்சில் 12 விக்கெட். 1981க்கு அப்புறம் இந்தியா டெஸ்ட் ஜெயிப்பது அதுதான் முதல் முறை. மூன்று வருஷ வறட்சியை ஒரு சின்னப் பையனின் மணிக்கட்டு முடித்து வைத்தது. அடுத்து டெல்லியில் முதல் இன்னிங்ஸ், 99க்கு 6. தொடர்ச்சியாக மூன்று இன்னிங்ஸ், மூன்றிலும் ஆறு ஆறு!

அப்புறம்தான் கதை மாறுகிறது. இங்கிலாந்துக்காரன் முட்டாள் இல்லை. கூக்ளி எது, லெக் பிரேக் எது என்று கையைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தான். காட்டிங் பம்பாயில் தோற்ற மேட்சிலேயே 136 அடித்துவிட்டார். டெல்லியில் ராபின்சன் 160. ஜனவரியில் சேப்பாக்கம் வந்தபோது ஃபௌலரும் காட்டிங்கும் ஆளுக்கொரு டபுள் செஞ்சுரி. சொந்த ஊர் மைதானத்தில், சொந்த ஜனங்கள் முன்னால், அந்தப் பையன் அடி வாங்கினான். தொடரில் மொத்தம் 23 விக்கெட் எடுத்தும், மும்பை டெல்லி மூன்று இன்னிங்ஸ் கழித்தால் மிச்சம் ஐந்துதான்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? லெக் ஸ்பின் என்பது மற்ற பௌலிங் மாதிரி இல்லை. மணிக்கட்டை மடக்கி, மோதிர விரலால் சுண்டி, பந்தை இருபத்திரண்டு கஜத்தில் ஒரு இடத்தில் விழ வைக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் விட்டால் ஃபுல் டாஸ், கொஞ்சம் பின்னால் விட்டால் குட்டைப் பந்து. இரண்டும் பவுண்டரிக்குத்தான் போகும். எல்லா பேட்ஸ்மேனும் ஒரு நாள் படித்துவிடுவான். படித்துவிட்ட பிறகு என்ன செய்வது என்று கற்றுக்கொள்வதில்தான் ஒரு லெக் ஸ்பின்னரின் வாழ்க்கையே ஆரம்பிக்கிறது. அதற்கு வருஷங்கள் வேண்டும், யாராவது ஒருத்தர் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும்.

பக்கத்தில் யார் நின்றார்கள்? அப்போது இந்திய அணிக்கு முழுநேர பயிற்சியாளர் என்று ஒருத்தர் கிடையாது. டூருக்கு ஒரு மேனேஜர் போவார், அவ்வளவுதான். பிஷன் பேடியை அணிக்கு கிரிக்கெட் மேனேஜராகப் போட்டதே 1990ல். பெங்களூரில் தேசிய கிரிக்கெட் அகாடமி வந்தது 2000ல். மெட்ராஸிலேயே 1987ல் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு என்று எம்.ஆர்.எஃப். ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பித்து, சொல்லித்தர ஆஸ்திரேலியாவில் இருந்து டென்னிஸ் லில்லியைக் கூட்டி வந்தது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ஊரில் சுழற்பந்தில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஒருத்தன் 21 வயதில் டீமுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான் என்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்.

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம். நடுவில் 1985 பிப்ரவரி, மார்ச் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் கோப்பை. இந்தியா ஒரு மேட்ச் கூடத் தோற்காமல் ஜெயித்த போட்டி. ரவி சாஸ்திரிக்கு ஆடி கார் கிடைத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கார் ஞாபகம் இருப்பவர்களுக்கு, மெல்போர்ன் ஃபைனலில் பாகிஸ்தானை 176ல் நிறுத்தியவர்களில் ஒருத்தர் 19 வயது சிவா என்பது ஞாபகம் இருக்குமா? 35க்கு 3. அதில் ஒன்று மியாண்டட். ஏமாந்து வெளியே வந்தவரை கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்தார். மியாண்டடை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமா!

அந்த சதானந்த் விஸ்வநாத் மொத்தம் எத்தனை டெஸ்ட் ஆடினார் தெரியுமா? மூன்று. அவரையும் "வீணாய்ப் போனவர்" லிஸ்டில்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே ஸ்கோர்கார்டில் ஒரே வரியில் இருக்கிற இரண்டு பேரும் தனித்தனியாக, தற்செயலாக, தங்கள் சொந்தத் தவறால் மட்டுமே வீணாய்ப் போனார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள். நம்புவோம்.

1986 ஜனவரி, சிட்னி. அதுதான் சிவாவின் கடைசி டெஸ்ட். மேட்ச் தொடங்கியது 2ம் தேதி. அவருக்கு 20 வயது நிறைந்து மூன்றாம் நாள். மொத்தக் கணக்கு 9 டெஸ்ட், 26 விக்கெட். அதில் 23 அந்த ஒரே இங்கிலாந்து தொடரில் வந்தது. 1987 உலகக் கோப்பையில் மறுபடி கூப்பிட்டு ஆட வைத்துப் பார்த்தார்கள். அதோடு சரி. 21 வயதில் சர்வதேச கிரிக்கெட் முடிந்தது. பி.காம். முடித்து சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் சேருகிற வயதில் ஒருத்தனை ரிடையர் ஆக்கிவிட்டு, "வாழ்க்கையில் சாதிக்கவில்லையே" என்று கேட்கிறார்கள்.

இப்போது அதே சிட்னி மைதானத்துக்கு ஆறு வருஷம் கழித்துப் போவோம். 1992 ஜனவரி. இன்னொரு லெக் ஸ்பின்னர், முதல் டெஸ்ட். குண்டாக, முடிக்குக் கலர் அடித்துக்கொண்டு, ஒழுக்கத்துக்குப் பேர்போனவர் என்று யாரும் சொல்ல முடியாத ஆள். இந்தியாவுக்கு எதிராக 150 ரன் கொடுத்து ஒரு விக்கெட். நம்ம சாஸ்திரி அந்த மேட்சில் டபுள் செஞ்சுரி. அடுத்த டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் விக்கெட்டே இல்லை. அவரையும் டீமை விட்டு எடுத்தார்கள். ஆனால் தூக்கிப் போடவில்லை. டெர்ரி ஜென்னர் என்ற பழைய லெக் ஸ்பின்னர் உட்கார்ந்து சொல்லித் தந்தார். (இந்த ஜென்னர் கையாடல் வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். நம்ம ஊராக இருந்தால் கேட் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள்.) அந்தக் குண்டுப் பையன்தான் ஷேன் வார்ன். 708 டெஸ்ட் விக்கெட்.

வார்ன் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 22. சிவா கடைசி டெஸ்ட் ஆடியபோது வயது 20. இந்த ஒரு வரியைப் படித்த பிறகும் "வீணாக்கிட்டான்" என்று சொல்ல முடிகிறதா?

உடனே ஒரு பதில் தயாராக வரும். "சச்சினைப் பாரு. 16 வயசுல வந்தான், நிலைச்சு நின்னான்ல?" இந்த வாதம் நம்ம ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு, மாமா பொண்ணைப் பாரு. ஆயிரத்தில் ஒருத்தன் நீச்சல் தெரியாமல் கிணற்றில் விழுந்து பிழைத்து வந்தான் என்பதற்காக, மிச்ச எல்லாரையும் கிணற்றில் தள்ளிவிட்டு, "அவன் பிழைச்சான்ல, நீ ஏன் செத்த?" என்று கேட்கிற வாதம் இது. சச்சினுக்கு அண்ணன் அஜித் இருந்தார், அச்ரேகர் இருந்தார். பேட்ஸ்மேன் ஒருத்தன் தோற்றால் பெவிலியனுக்குப் போய் முகத்தை மூடிக்கொள்ளலாம். அடி வாங்குகிற ஸ்பின்னர் அடுத்த பந்தையும் அவனே போட வேண்டும், நாற்பதாயிரம் பேர் பார்க்க. தவிர, சச்சின் கூடவே ஆடிய காம்ப்ளிக்கு டெஸ்ட் சராசரி 54.20. கடைசி டெஸ்ட் ஆடியபோது வயது 23. அவரையும் இந்த லிஸ்டில்தான் சேர்த்திருக்கிறார்கள். லிஸ்ட் நீளமாகிக்கொண்டே போனால் குறை லிஸ்டில் இருப்பவர்களிடம் மட்டும்தானா என்று ஒரு சந்தேகமாவது வர வேண்டாமா?

சிவாவோடு நிற்கவில்லை. மணிந்தர் சிங், 17 வயதில் டெஸ்ட், "அடுத்த பேடி" என்று முத்திரை. 35 டெஸ்ட், 88 விக்கெட்டோடு முடிந்தது. நரேந்திர ஹிர்வானி, 1988 ஜனவரியில் இதே சேப்பாக்கத்தில் முதல் டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட். உலகமே வாயைப் பிளந்தது. மொத்தம் ஆடியது 17 டெஸ்ட். மெட்ராஸுக்கு இது அதற்கு முன்பே பழக்கமானதுதான். வி.வி. குமார் என்ற லெக் ஸ்பின்னர் 1961ல் முதல் டெஸ்டிலேயே ஐந்து விக்கெட் எடுத்தார். அடுத்து ஒரே ஒரு டெஸ்ட். முதல் தர கிரிக்கெட்டில் அவர் எடுத்தது 599 விக்கெட்!

எதிர் உதாரணம் இல்லாமல் இல்லை. கும்ப்ளே 1990ல் 19 வயதில் ஒரு டெஸ்ட் ஆடினார், அடுத்த டெஸ்ட் 1992ல்தான். நடுவில் இரண்டு வருஷம் இஞ்சினியரிங் படிப்பும் உள்ளூர் கிரிக்கெட்டுமாக இருந்தார். திரும்பி வந்து 619 விக்கெட். ஆக, டீமை விட்டு எடுப்பது கொலைக்குற்றம் இல்லை. 1986ல் சிவாவை எடுத்ததும் தப்பில்லை, விக்கெட் வரவில்லை, எடுத்தார்கள். எடுத்ததற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. சிவா மேல் தவறே இல்லை என்றும் வாதாட வேண்டியதில்லை. இருபது இருபத்தைந்து வயதில் எவன்தான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தான்? அவரைப் பற்றி என்னென்னவோ கிசுகிசு உண்டு, அதை இங்கே எழுதி பரப்ப வேண்டாம். கிசுகிசு உண்மையாகவே இருந்தாலும், ஒருத்தன் 21 வயதில் வேண்டாதவன் ஆனதற்கு அது காரணமா, விளைவா என்று யாராவது கேட்டார்களா?

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். அங்கே ஒரு பையனை கிளப் எடுத்தால் நேரே பெரிய மைதானத்தில் இறக்க மாட்டார்கள். கீழே பல படிகளாக சின்ன லீக்குகள், அதில் வருஷக்கணக்கில் ஊற வைப்பார்கள். 1973ல் ஒரு கிளப் அந்த வழக்கத்தை மீறியது. டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ். டீம் மோசம், கூட்டம் வரவில்லை, முதலாளிக்குக் காசு வேண்டும். பள்ளிக்கூடம் முடித்து சில வாரமே ஆன டேவிட் கிளைட் என்ற 18 வயதுப் பந்துவீச்சாளனை நேரே களத்தில் இறக்கினார்கள். அன்றைக்கு மைதானம் ஹவுஸ்ஃபுல். மேட்சையும் ஜெயித்தான். இரண்டு மேட்ச் ஆடியதும் கீழே அனுப்புவது என்பது பேச்சு. டிக்கெட் விற்கிறதே, எப்படி அனுப்புவார்கள்? கடைசியில் 18 வெற்றி, 33 தோல்வி, தோள்பட்டை போச்சு, 26 வயதில் ஆட்டத்தை விட்டே போய்விட்டான். ஆனால் அந்த ஊரில் இன்றைக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது முதலாளியையும் சேர்த்துத்தான் திட்டுகிறார்கள். இளம் பையன்களை எப்படி நடத்தக் கூடாது என்பதற்கு உதாரணமாக கிளைட் பெயரைச் சொல்கிறார்கள். நம்மிடம் இல்லாதது அந்தக் கணக்குப் பார்க்கும் புத்திதான்.

கணக்கு என்றால் இதுதான். கடன் கொடுத்தவன் திரும்ப வராத பணத்தை வராக்கடன் என்று எழுதுவான், சரி. சிவா யாரிடம் கடன் வாங்கினார்? திறமை அவருடையது. மணிக்கட்டு அவருடையது. பம்பாயில் ஜெயித்தது, மெல்போர்னில் கோப்பை தூக்கியது, எல்லாம் நாடு வரவு வைத்துக்கொண்டது. கொடுத்தவனையே கடன்காரன் ஆக்கி, பாக்கி எங்கே என்று நாற்பது வருஷமாகக் கேட்கிற பேரேடு உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். குட்டியைத் தூக்கிப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, "இது நல்லா வரும்" என்று வாங்கிக்கொண்டு போவார்கள். ஆறு மாதத்தில் அது தேறவில்லை என்றால் எந்த விவசாயியும் குட்டியைத் திட்ட மாட்டார். தீவனம் என்ன போட்ட, யார் மேய்ச்சா, நோய் வந்தப்ப என்ன பண்ணின என்று வீட்டில் இருப்பவர்களைத்தான் பிடித்து உலுக்குவார். ஆட்டுக்குட்டிக்குக் கிடைக்கிற நியாயம் ஆட்டக்காரனுக்குக் கிடையாதா?

2021 நவம்பரில் சிவா ட்விட்டரில் ஒன்று எழுதினார். வாழ்நாள் முழுக்க தன்னை நிறத்தை வைத்து ஒதுக்கியிருக்கிறார்கள், அதுவும் சொந்த நாட்டிலேயே என்று. 55 வயது மனிதர், இத்தனை வருஷம் கழித்து. அதற்குக் கிடைத்த கவனம் இரண்டு நாள். "வீணாக்கிட்டான்" என்று அவரைப் பற்றி நாற்பது வருஷம் பேசியவர்களில் எத்தனை பேர், இதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று யோசித்தார்கள்? பள்ளிக்கூட வயதிலேயே பெரியவர்களின் டிரஸ்ஸிங் ரூமுக்குள் போன கருத்த பையன் ஒருத்தனுக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கக் கூட பெரிய அறிவு வேண்டியதில்லை.

இப்போது காலம் மாறிவிட்டதா என்றால், கொஞ்சம் மாறியிருக்கிறது. நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். நடக்கிறது, ரஞ்சி மேட்ச் நடந்திருக்கிறது. வடமதுரைப் பையன் பஸ் ஏறிப் போய் பெரிய ஆட்டக்காரர்களை நேரில் பார்க்கலாம். 2024ல் டி.என்.பி.எல். கோப்பை ஜெயித்த திண்டுக்கல் டிராகன்ஸ் டீமில் இருந்த வருண் சக்கரவர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று மேட்ச் ஆடி ஒரு விக்கெட் கூட இல்லை. தூக்கிவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து திரும்பி வந்தார், 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூஸிலாந்துக்கு எதிராக 5 விக்கெட். வயது 33. தூக்கப்பட்டபோது அவர் முப்பதை எட்டிய ஆள், ஆர்க்கிடெக்ட் படிப்பு கையில், நடுவில் ஆடிக்கொண்டே இருக்க ஐ.பி.எல். இருந்தது, டி.என்.பி.எல். இருந்தது. விழுந்தால் தாங்க வலை இருந்தது. 1986ல் 20 வயது சிவாவுக்குக் கீழே இருந்தது ரஞ்சி மட்டும்தான். அதையும் விடாமல் ஆடினார். 1987-88ல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை ஜெயித்த டீமில் அவர் இருந்தார். 1954-55க்கு அப்புறம் அதுதான் நமக்குக் கிடைத்த இரண்டாவது கோப்பை, இன்று வரை மூன்றாவது வரவில்லை. வீணாய்ப் போனவன் என்று சொல்கிற எவனும் இதைச் சொல்ல மாட்டான்.

திருச்சி ரோட்டு மில்களில் ஷிஃப்டு பார்க்கிறவர்களில் "நல்லா வந்திருக்க வேண்டியவன்" என்று பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்டில் இன்றைக்கும் அவர்கள் பந்து போட்டால் பேட்ஸ்மேன் திணறுவான். அவர்களுக்கு டர்ஃப் பிட்ச் யார் கொடுத்தது, திண்டுக்கல் லீக் ஆட பஸ் காசு யார் கொடுத்தது, ஷிஃப்டு மாற்றி விட எந்த சூப்பர்வைசர் சம்மதித்தார்? அடுத்த ஞாயிறு அந்த வசனத்தைச் சொல்ல வாய் திறக்கும் பெரியவர்கள் இந்த மூன்றுக்கும் பதிலை யோசித்து வைத்துக்கொண்டு திறக்கட்டும்.